பத்துப் பத்தாக் கொறைஞ்ச சத்தம்

டைப் அடிச்சுக்கிட்டிருந்த தவமணி திடீர்னு நிறுத்திட்டு, ஹெட்போனை ரெண்டு கையாலயும் காதோட சேத்து அமுக்கினா.

பின்னாடி செவுத்தோரமா நின்ன கோதண்டம் அதைப் பாத்தாரு. டெஸ்டுக்குக் குடுத்த லெட்டர் கடினம் போல, யோசிக்கிறா போலன்னு நெனச்சுக்கிட்டாரு.

அவ மறுபடி கண்ட்ரோல் கீயைப் புடிச்சுக்கிட்டு கீழ் அம்பை ஒரு தட்டு தட்டுனா. தலை கொஞ்சம் குனிஞ்சுது. இன்னொரு தட்டு. இன்னும் குனிஞ்சா. கெணத்துக்குள்ள இருந்து யாரோ பேசுறதைக் கேக்குற மாதிரி, மூக்கு கீபோர்டைத் தொடுற அளவுக்குக் குனிஞ்சிருந்தா.

அப்பறம் ஹெட்போனைக் கழட்டி மேசையில வெச்சா.

"முடிஞ்சிருச்சாம்மா?" கோயமுத்தூர்லருந்து வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்த மேடம் கேட்டாங்க.

"முடிஞ்சிருச்சு மேடம்."

"நாலு வரிதான் அடிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு?"

"அவ்வளவுதான் மேடம்."

எந்திரிச்சா. செவுத்தைத் தொட்டுக்கிட்டே வெளிய போயிட்டா.

கண்ணு தெரியாதவங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குற ரூம் அது. திண்டுக்கல்ல ஒரு விதைக்கடைக்கு மேல மாடி. அங்க ஒரு பழக்கம் உண்டு. உள்ள வந்தாலும் வெளிய போனாலும் பேரைச் சொல்லணும். "தவமணி போறேன்"னு சொல்லாம அவ ஒருநாளும் போனதில்ல.

"யாரு இப்ப வெளிய போனது?"ன்னு கேட்டாங்க மேரி டீச்சர்.

யாரும் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த சீட்டுல இருந்த ஜெபராஜ் கையைத் தூக்கிட்டான். "டீச்சர், துரை பேச மாட்டேங்குறாரு."

ஸ்கிரீன்ல இருக்குறதை வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேருக்கு அங்க பேரு துரை. மூக்காலயே இங்கிலீஷ் பேசும், அதனால அந்தப் பேரு.

"எனக்கும் பேசல டீச்சர்"ன்னா இன்னொருத்தி. நாலாவது ஆளும் கீபோர்டுலருந்து கையை எடுத்துட்டான்.

கோதண்டம் ஓடிப்போய் தவமணி சீட்டு மானிட்டரை ஆன் பண்ணாரு. அந்த ரூம்ல மானிட்டரே போட மாட்டாங்க, பாக்குறதுக்கு யாரும் இல்லாதப்ப எதுக்குக் கரண்டு தண்டம்னு. டொய்ங்னு முழிச்ச மானிட்டர்ல, கீழ் மூலையில, ஒரு சின்ன பச்சைப் பொட்டி. உள்ள ஒரே ஒரு எண்.

சைபர்.

அந்தப் பச்சைப் பொட்டியை நேத்து சாயங்காலம் அங்க கொண்டுவந்து வெச்சதே கோதண்டம்தான்.

*

கோதண்டத்துக்கு அப்ப நாப்பத்திரெண்டு வயசு. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மேரி டீச்சருக்கு முப்பதுகூட இல்ல. ஆனா அவருதான் சிஷ்யன், அவங்கதான் குரு. இதை அவரே டீக்கடையில சொல்லிட்டுத் திரிவாரு.

மொத தடவ ஒரு ஹார்டிஸ்க் மாத்த வந்தவரு. வேலை முடிஞ்சதும் செக் பண்ண மானிட்டரை ஆன் பண்ணப் போனாரு.

"அது எதுக்குண்ணே?"ன்னாங்க டீச்சர். அவரு மவுஸைத் தேடி முடிக்கிறதுக்குள்ள எட்டு கீ தட்டி, ஃபைலைத் தொறந்து, வாசிக்க வெச்சு, மூடியும் போட்டாங்க. கோதண்டம் வாயைப் பொளந்துட்டாரு. அன்னையிலருந்து தெனமும் காலையில ஒம்போது மணிக்குக் கடையைத் தொறக்குறதுக்கு முன்னாடி அங்க வந்து, இருட்டு மானிட்டர் முன்னாடி உக்காந்து பாடம் படிச்சாரு.

என்ன காலம் அது. விண்டோஸ் எக்ஸ்பி காலம். மானிட்டருக்குப் பின்னாடி ஒரு பெரிய முதுகு இருக்கும், பூனை ஏறிப் படுத்துக்கலாம். கோதண்டம் கழுத்துல ரெண்டு ஜிபி பென்டிரைவ் தாயத்து மாதிரி தொங்கும். உள்ள பூரா இலவச சாஃப்ட்வேர். ஒவ்வொண்ணும் இத்துனூண்டு. இன்ஸ்டால்கூட பண்ண வேண்டாம், டபுள் கிளிக் போதும்.

"எவனோ ஒருத்தன் எந்த ஊர்லயோ உக்காந்து சும்மா எழுதிக் குடுத்திருக்கான் டீச்சர். ஒரு பைசா கேக்கல. நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுப் பாத்துட்டேன்ணே. பாடத்துக்கு வாங்க."

ஒருநாள் பாடம் முடிஞ்சு கடலை கொறிச்சுக்கிட்டிருந்தப்ப டீச்சர் பழைய ஸ்பீக்கர் பேச்சை எடுத்தாங்க. ஹெட்போன் வர்றதுக்கு முன்னாடி எல்லா மெஷினுக்கும் பக்கத்துல ரெண்டு ஸ்பீக்கர் இருந்துச்சு.

"அதுல ஒரு வால்யூம் திருகு இருக்கும், ஞாபகம் இருக்காண்ணே? தூசி ஏறிப்போய், திருகுனா கரகரன்னு கத்தும்."

"இல்லாமலா. எங்கடையில இன்னும் ஒரு சாக்கு கெடக்கு."

"காலையில வந்ததும் ஒவ்வொண்ணா தொட்டுப் பாப்பேன். நேத்து யாரு உக்காந்தாங்கன்னு அதுவே சொல்லிரும். ஜெபராஜ்னா முழுசா ஏத்தி வெச்சிருப்பான், செவுடன் வீட்டுல பொறந்தவன் மாதிரி. தவமணி பாதிக்குக் கீழ. அம்சவேணி உக்காந்தாளோ இல்லையோன்னு சந்தேகமாவே இருக்கும், அவ்வளவு கீழ வெச்சுக் கேப்பா." டீச்சர் சிரிச்சாங்க. "அவ இப்ப திருச்சியில ரயில்வேயில இருக்கா."

அந்தத் திருகை அவங்க வெரல் காத்துல திருகிக் காட்டுச்சு. அதைப் பாத்துட்டு கோதண்டத்தால சும்மா இருக்க முடியல. ரெண்டு ராத்திரி தூங்காம தேடி, ஒரு வால்யூம் சாஃப்ட்வேரைக் கண்டுபுடிச்சாரு. மவுஸ் வீலை மேல உருட்டுனா சத்தம் ஏறும், கீழ உருட்டுனா எறங்கும். பிஸ்கட் டின்ல தூங்கிக்கிட்டிருந்த மவுஸையெல்லாம் எடுத்துத் தொடைச்சு மாட்டுனாரு.

"மவுஸா? எங்களுக்கா?"ன்னாங்க டீச்சர்.

"உருட்டிப் பாருங்க டீச்சர். உங்க பழைய திருகு."

உருட்டுனாங்க. மொகம் கொஞ்சம் மலந்துச்சு. இன்னும் உருட்டுனாங்க. அது பாட்டுக்கு நிக்காம சுத்துச்சு.

"இப்ப இது எங்க நிக்குதுன்னு எப்பிடித் தெரியும்ணே?"

"அதுக்குத்தான் ஸ்கிரீன்ல ஒரு பச்சைப் பொட்டி வரும் டீச்சர். எத்தனைன்னு நம்பர் போட்டுக் காட்டும்."

டீச்சர் வீலை இன்னொரு உருட்டு உருட்டுனாங்க.

"பாக்க அழகா இருக்குமா?"

"ரொம்ப அழகா..." நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

"சரி, இருக்கட்டும். டெஸ்ட் முடிஞ்சதும் எல்லாரும் உருட்டிப் பாக்கட்டும்."

அதோட விட்டிருக்கலாம். மனுசனுக்கு ஆசை அடங்கல. மவுஸ் தொடாத ஆளுங்களுக்கு கீபோர்டுலயும் ஒரு வழி வெச்சுட்டுப் போவோம்னு, அன்னைக்கு சாயங்காலம் யாரும் இல்லாதப்ப உக்காந்து கீ தேடுனாரு. கண்ட்ரோலும் கீழ் அம்பும். இதை ரெண்டையும் சேத்து எவன் அமுக்கப் போறான்? ஒரு அமுக்குக்குப் பத்து கொறையும். அந்த கீக்கு ஏற்கெனவே ஏதாவது வேலை இருந்தா அதுவும் சேந்தே நடக்கட்டும்னு பெரிய மனசு பண்ணி ஒரு டிக் வேற போட்டாரு. யாருகிட்டயும் சொல்லல. டெஸ்ட் முடிஞ்சதும் சொல்லி அசத்தணும்.

கண்ட்ரோலும் கீழ் அம்பும் அமுக்குனா துரை அடுத்த பாராவுக்குத் தாவி வாசிப்பாரு. நீளமான லெட்டரை அந்த ரூம்ல எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாங்க. கோதண்டம் இன்னும் ஒவ்வொரு வரியா கேக்குற பாடத்துலதான் இருந்தாரு. பாரா பாடத்துக்கு வரல.

ஒரு பாராவுக்குப் பத்து. பத்து பாராவுல துரை மொத்தமா அடங்கிட்டாரு.

*

மேரி டீச்சர் மேடம்கிட்ட பேசுனாங்க. "மெஷின்ல கோளாறு மேடம். புள்ளைங்க மேல தப்பில்ல."

மேடம் மணி பாத்தாங்க. "பதினொன்றரைக்கு வேற லெட்டர் தரேன். ஆனா நாலு பேரும் அந்நேரம் சீட்டுல இருக்கணும். இல்லாதவங்களுக்காக நான் இன்னொருதரம் வர முடியாது டீச்சர்."

மேடம் டீ குடிக்க எறங்கிப் போனாங்க. பதினொன்றரைக்கு இன்னும் இருவது நிமிஷம்.

வேலை இருக்குறது ரெண்டே பேருக்கு. தவமணிக்கு இது மூணாவது இன்டர்வியூ. இதுவும் போச்சுன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு சொந்த ஊரு நத்தத்துக்கு வந்து சேருன்னு அவங்கப்பா சொல்லியாச்சு.

கோதண்டம் நாலு மெஷினுக்கும் மாறி மாறிப் பாஞ்சாரு. சாஃப்ட்வேரைத் தேடித் தேடி அழிச்சாரு. மவுஸைப் புடுங்கிப் போட்டாரு. சத்தத்தைப் பாதிக்கு ஏத்தி, ஒவ்வொரு ஹெட்போனா தன் காதுல மாட்டி, பாரா பாராவா ஓட்டிப் பாத்தாரு. துரை ஜம்முனு பேசுனாரு. பதினோரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

"சரி பண்ணிட்டேன் டீச்சர். நாலும் பேசுது."

"நல்லதுண்ணே."

"மேடம் வந்ததும் நானே சொல்லிர்றேன், என் தப்புதான்னு. கால்ல வேணாலும் விழுறேன்."

"அவங்க கால்ல போய் எதுக்கு விழணும்? அவங்கதான் இன்னொரு லெட்டர் தர்றேன்னுட்டாங்களே."

கோதண்டம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"ஆசையாத்தான் செஞ்சேன் டீச்சர். அந்தக் கீ ஒண்ணுதான் தப்பா? இல்ல மொத்தமுமே தப்பா? எங்க தப்பு பண்ணேன், சொல்லுங்க."

"சொல்றேன். கேளுங்க"ன்னாங்க டீச்சர்.

"தவமணிக்குப் பொறந்ததுலருந்தே கண்ணு தெரியாம இல்லண்ணே. நாலாவது படிக்கிற வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுது."

"அப்பிடியா? எனக்குத் தெரியாதே."

"மொதல்ல போர்டுல எழுதுறது மங்குச்சு. ஸ்கூல் டீச்சர் சின்னதா எழுதுறாங்கன்னு நெனச்சிருக்கா." டீச்சரோட கொரல் கொஞ்சம் தணிஞ்சுது. "அப்பறம் பஸ் நம்பர் தெரியல. பஸ்ஸுல அழுக்குன்னு நெனச்சுக்கிட்டா."

கோதண்டம் ஸ்டூலை ஒரு அடி முன்னால நகத்துனாரு.

"அப்பறம் தட்டுல இருக்குற சோத்துல..." அடுத்த வார்த்தை சரியாக் கேக்கல. அவரு முன்னால குனிஞ்சாரு. "...கல்லு எதுன்னு தெரியல. வீட்டுல சொல்லல. அப்பறம்..."

கீழ விதைக்கடையில மூட்டை எறக்குற சத்தம். டீச்சரோட உதடு அசைஞ்சுக்கிட்டிருந்துச்சு. "அவங்க அம்மா"ன்ன மாதிரி இருந்துச்சு. அப்பறம் அதுவும் இல்ல. கோதண்டம் அவங்க மொகத்துக்கு ஒரு ஜாண் தூரத்துல இருந்தாரு. சுண்டுவெரல் தானாப் போய் காதைக் கொடைஞ்சுது. தலையை ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தாரு.

"டீச்சர்?"

உதடு அசையுது.

"டீச்சர், ஒண்ணும் கேக்கல டீச்சர்."

அவங்க நிறுத்துனாங்க. எப்பவும் பேசுற கொரல்ல கேட்டாங்க. "இப்ப எது மேலண்ணே சந்தேகம் வந்துச்சு?"

கோதண்டம் காதுலருந்து வெரலை எடுத்தாரு.

"என் காது மேல டீச்சர்."

டீச்சர் தலையைக் கொஞ்சம் வாசப் பக்கம் சாச்சாங்க. "ரொம்ப நேரமா ஒரு சத்தம் வந்துக்கிட்டிருக்கு. கேளுங்க."

கேட்டாரு. மாடிப்படிப் பக்கமிருந்து வந்துச்சு. டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக்.

எட்டிப் பாத்தாரு. நாலாவது படியில தவமணி உக்காந்திருந்தா. வலது காதுகிட்ட கையைக் கொண்டுபோய் ஒரு சொடக்குப் போட்டா. அப்பறம் எடது காதுகிட்ட. கையைக் கொஞ்சம் தள்ளி வெச்சு மறுபடி வலது. இன்னும் தள்ளி மறுபடி எடது. கணக்கு சரிபாக்குற மாதிரி, மொகத்துல ஒண்ணுமே இல்லாம, போட்டுக்கிட்டே இருந்தா.

பதினோரு நிமிஷம் அந்த நாலு மெஷினுக்கும் நடுவுல ஓடுனப்ப, அந்த வாசலை அவரு எட்டுத் தடவையாவது தாண்டியிருப்பாரு.

"போய்க் கூட்டிட்டு வரட்டா டீச்சர்? டெஸ்ட் மறுபடி இருக்குன்னு சொல்லி?"

"டெஸ்டை அப்பறம் சொல்லுங்க. மொதல்ல அவ காதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

கோதண்டம் போனாரு. அவளுக்கு ரெண்டு படி கீழ எறங்கி உக்காந்தாரு.

"தவமணி. நேத்து ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். நீ ஒவ்வொரு பாராவுக்கும் தட்டத் தட்ட அது சத்தத்தைக் கொறைச்சிருச்சு. நாலு மெஷின்லயும் அப்பிடித்தான் ஆச்சு. என் தப்பு. ஒன் காது நல்லாத்தான் இருக்கும்மா."

சொடக்குப் போடத் தூக்குன கை அப்பிடியே நின்னுச்சு.

அவ மொகத்தைத் திருப்பி எடது காதை அவரு பக்கம் காட்டுனா.

"இந்தக் காதுலயும் சொல்லுங்கண்ணே."

கோதண்டம் ஒரு படி மேல ஏறி அந்தக் காதுகிட்டக் குனிஞ்சாரு. "இதுவும் நல்லாத்தான் இருக்கும்மா"ன்னாரு.