நாற்பத்தோராவது வரி

யானைக்கால் நோய்க்கு மாத்திரை கொடுக்கிற வாரம் அது. கொடுப்பவர் கண்ணெதிரிலேயே விழுங்க வேண்டும் என்பது விதி. உப்பளக் குடியிருப்பில் நாற்பது பேர் விழுங்கவில்லை. மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார் டாக்டர் சந்தானகோபாலன்.

"வெறும் வயித்தோட வேலைக்குப் போறாங்க சார். மாத்திரை போட்டா தலை சுத்துது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கலாம்," என்றாள் மாத்திரை கொடுக்கும் மரகதவல்லி.

"எல்லாம் சாக்கு. இவங்களாலதான் நாடு முன்னேறல. விழுங்காதவங்க எல்லாருக்கும் காரணம் 'அறியாமை'ன்னு எழுது."

அவள் பதிவேட்டில் ஆளுக்கொன்றாக நாற்பது வரியும் எழுதினாள். பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் அவரிடமே நீட்டினாள்.

"மாவட்டத்துல எல்லாருக்கும் உண்டு சார்."

"வச்சிட்டுப் போம்மா. நான் இன்னும் சாப்பிடல."

மரகதவல்லி இன்னொரு வரி எழுதினாள். டாக்டர் எட்டிப் பார்த்தார். அவர் பெயர், பக்கத்தில், 'அறியாமை'.

"என்ன இது?"

"நீங்க சொன்னபடிதான் சார். வேற காரணம்னா நீங்களே திருத்திடுங்க."

டாக்டர் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு நேரே 'வெறும் வயிறு' என்று திருத்தினார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. மேலே இன்னும் நாற்பது வரிகள் இருந்தன.