பின்பாதி பாக்கி

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் சந்திரபோஸ்.

கல்லூத்து மடத்துக்குப் போனதும் இதைத்தான் சொன்னேன். கும்பிடுவதற்கு முன்னாலேயே சொன்னேன்.

மடத்துச் சாமி ஒரு பெண். என்னைவிட வயதில் இளையவர். பெரிய பானையில் தயிர் கடைந்துகொண்டிருந்தார்.

"யாருய்யா அந்தச் சந்திரபோஸ்?"

"தியேட்டர் வாசல்ல மைக் பிடிச்சுக்கிட்டு நிப்பான். படம் பார்த்துட்டு வர்றவங்ககிட்ட எப்படி இருக்குன்னு கேட்டு செல்போன்ல போடுவான். 'நச்சுனு சொல்லு'ன்னு சேனல் நடத்துறான்."

"என்ன செஞ்சான்?"

"நான் சொன்னதுல பாதியை எடுத்துட்டான்."

"எந்தப் பாதி?"

"பின்பாதி."

சாமி மத்தை நிறுத்தவில்லை.

"விவரமாச் சொல்லுங்கய்யா."

சொன்னேன்.

என் மகள் செல்வராணி. அவள் புருஷன் இளம்பரிதி சினிமா எடுப்பவன். முதல் படம். பெயர் 'ஈரச் சாக்கு'. வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் வெளியானது. முதல் காட்சிக்கே போனேன். வெளியே வந்தபோது சந்திரபோஸ் மைக்கை நீட்டினான்.

"பெருசு, படம் எப்படி?"

நான் சொன்னது இது: "படம் குப்பைன்னு எவனும் சொல்ல முடியாது."

அவன் போட்டது இது: "படம் குப்பை."

அதற்குப் பின்னால் ஒரு கழுதை கத்தும் சத்தத்தையும் சேர்த்திருந்தான்.

'மாமனாரே சொல்லிட்டாரு' என்று மேலே எழுதியிருந்தான். ஊரே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் ஆள் இல்லை. அன்று மகள் போன் செய்தாள்.

"ஏம்ப்பா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

அவள் மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தகப்பன் போய்க் கூப்பிட வேண்டும். நான் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"சந்திரபோஸ்கிட்ட மீதியைக் கேட்டீங்களா?" என்றார் சாமி.

"கேட்டேன். அழிச்சாச்சு பெருசுங்கறான். வேணும்னா இன்னொரு தடவை பேசுங்க, புதுசா எடுத்துப் போடுறேங்கறான்."

"பேச வேண்டியதுதானே?"

"அது புதுசு சாமி. என்கிட்ட எடுத்தது பழசு. எனக்கு அதுதான் வேணும்."

சாமி பானைக்குள் எட்டிப் பார்த்தார். வெண்ணெய் இன்னும் திரளவில்லை.

"மருமகன் படம் எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"ஆரம்பத்துல நன்றின்னு போட்டாங்க. கோழி கொடுத்தவன் பேரு இருந்துச்சு. என் பேரு இல்ல. ஷூட்டிங் ஆளுங்க அத்தனை பேரும் என் வீட்டு மோட்டார்லதான் குளிச்சாங்க. சோப்பு உட்பட நம்மளது."

"சரி. படம்?"

"அதைத்தானே சொல்றேன்."

சாமி கொஞ்ச நேரம் கடைந்தார்.

"இப்ப உங்க ஊர்ல புதுசா என்னென்ன ஓடுது?"

"பேய்ப் படம் ஒண்ணு, சிரிப்புப் படம் ஒண்ணு, போலீஸ் படம் ஒண்ணு. நாளைக்கழிச்சு ஒரு குடும்பப் படம் வருது."

"எனக்கு சினிமா தெரியாது. ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"என் விஷயம்?"

"அது எங்கே போகப் போகுது?"

வீட்டில் சொன்னேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சினிமாவால வந்த வினைக்கு மடத்துக்கு அனுப்பினேன். அது திரும்பவும் சினிமாவுக்கு அனுப்புதா? நல்ல சாமி" என்றாள்.

போனேன். தியேட்டர் வாசலில் சந்திரபோஸ் நின்றான். பார்க்காதவன் போல வணக்கம் வைத்தான். நான் பார்த்துக்கொண்டே வைக்கவில்லை.

*

"பேய்ப் படம் எப்படி?" என்றார் சாமி.

"பங்களா. கிணறு. கிணத்துக்குள்ள ஒரு பொம்பளைப் பேய். பாட்டு சரியில்ல. ஆனா பேய் பக்கம் நியாயம் இருக்கு."

"என்ன நியாயம்?"

"அது என்னமோ சொல்ல வருது சாமி. வாயைத் தொறந்ததும் எல்லாரும் கத்திக்கிட்டு ஓடிடுறாங்க. ஒருத்தனாவது நின்னு முழுசாக் கேட்டிருந்தா இடைவேளையிலேயே படம் முடிஞ்சிருக்கும்."

"பயமா இருந்துச்சா?"

"கோபமா இருந்துச்சு."

*

"சிரிப்புப் படம்?"

"தியேட்டரே உருண்டு சிரிச்சுச்சு. நான் சிரிக்கல."

"ஏன்?"

"'பொண்ணைப் பிடிக்கலைன்னு சொன்னவனை உதைப்பேன்'னு மாப்பிள்ளை போன்ல சொல்றான். 'பொண்ணைப் பிடிக்கல'ங்கறதோட சிக்னல் போயிடுது. கல்யாணம் நிக்குது. பந்தியில இலை போட்டுப் பாயசம் ஊத்தினப்புறம் நிக்குது. இதுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

"மத்தவங்க சிரிச்சாங்களே."

"அவங்க மக வீட்டுல நடந்திருந்தா சிரிப்பாங்களா?"

சாமி சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

*

"போலீஸ் படம்?"

"நாற்பது பேரைச் சுடுறான். துப்பாக்கியில குண்டு தீரவே மாட்டேங்குது. காரு பறக்குது. லாரி பறக்குது. நான் லாரி ஓட்டினவன் சாமி, அது அப்படிப் பறக்காது."

"அப்புறம்?"

"கடைசியில வில்லன் கையைத் தூக்கி, 'நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்'ங்கறான். அதுக்குள்ள சுட்டுட்டான். என்ன சொல்ல வந்தான்னு யாருமே கேக்கல. வெளிய வந்து பத்துப் பேரை விசாரிச்சேன். ஒருத்தனுக்கும் தெரியல."

சாமி என்னையே பார்த்தார்.

"மூணும் ஒரே படம் மாதிரி இருக்கேய்யா."

"எப்படி சாமி? தியேட்டர்தான் ஒண்ணு. டிக்கெட் வேற வேற."

*

குடும்பப் படத்துக்குப் போய்விட்டு வந்தபோது மடத்தில் கூட்டம் இருந்தது. சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள். சாமி அன்றும் தயிர் கடைந்துகொண்டிருந்தார்.

"இது எப்படி?"

"இழுவை. அப்பன் ஒருத்தன் மக வீட்டு வாசல்ல நிக்கிறான். நிக்கிறான், நிக்கிறான், நின்னுக்கிட்டே இருக்கான். மழை பெய்யுது. பின்னால வயலின் வாசிக்கறாங்க."

"எதுக்கு நிக்கிறான்?"

"தப்பு மக பேர்ல. அவளா வந்து கதவைத் தொறந்து கூப்பிடட்டும்னு நிக்கிறான். அது மட்டும் சரியா எடுத்திருக்காங்க."

"கூப்பிட்டாளா?"

"தெரியாது. எந்திரிச்சு வந்துட்டேன்."

"முடிவு பார்க்கலையா?"

"பார்க்கல."

"அப்ப அந்தப் படத்தோட பின்பாதியை எடுத்தது யாரு?"

"ஏசி ரொம்பக் குளிரு சாமி."

சாமி மத்தைப் பானையிலிருந்து வெளியே எடுத்தார். மோர் சொட்டியது. அப்படியே என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"பெருசு, படம் எப்படி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சாமி இது?"

"நான்தான் சந்திரபோஸ். அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க."

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். தொண்டையைச் செருமினேன்.

"படம் குப்பை" என்றேன்.

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சாமி மத்தைப் பானைக்குள் விட்டுக் கடையத் தொடங்கினார்.

"சாமி, நான் இன்னும் முடிக்கல."

"மூச்சு விட்டீங்களேய்யா."

"வயசாச்சு. மூச்சு வாங்குது."

"அன்னைக்கும் அந்த இடத்துலதான் வாங்குச்சா?"

துண்டை எடுத்து மறுபடியும் உதறினேன்.

"அன்னைக்கும் சுத்தி நின்னவங்க சிரிச்சாங்களா?"

"சிரிக்கறது அவங்க இஷ்டம்."

"சிரிச்சு முடிக்கற வரைக்கும் நின்னீங்களா?"

"நின்னா என்ன சாமி? அதுக்கப்புறம் மீதியைச் சொன்னேன். சத்தமாவே சொன்னேன். அது அவன் கையில இருந்துச்சு. அவன் எடுத்தது எடுத்ததுதான்."

"ஆமா. அவன் எடுத்தது எடுத்ததுதான்" என்றார் சாமி.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பக்கம் பேசுகிறார் என்று தெரிந்ததும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. அவனை நான் மன்னிக்கணுமா, வேண்டாமா?"

சாமி கையைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் அமைதியாகக் கேட்டது.

"சந்திரபோஸை நீங்க மன்னிக்க" என்றார்.

மூச்சு விட்டார்.

நான் காத்திருந்தேன்.

வெண்ணெய் திரண்டிருந்தது. அதை வழித்து எடுத்தார். உருட்டினார். தண்ணீரில் போட்டார். பானையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

"சாமி, மீதி?"

எல்லோருக்கும் மோர் வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. உப்புப் போட்டிருந்தது. மீதி வரவில்லை.

*

பஸ் ஏறினேன். எங்கள் ஊர் வந்தது. நான் இறங்கவில்லை.

"என்ன பெரியவரே, தூங்கிட்டீங்களா? உங்க ஊருதானே?" என்றார் கண்டக்டர்.

"மக ஊருக்கு ஒரு டிக்கெட் போடுங்க" என்றேன்.

மகள் வீட்டு வாசலில் போய் நின்றேன். மழை இல்லை. வயலின் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது.

கொஞ்ச நேரம் நின்றதுமே இழுவையாகத் தெரிந்தது. கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"அப்பா."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வளையல் கேட்டது.

"எதுக்கு வந்தீங்க?"

"படம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

"அதான் ஊரே கேட்டுச்சே."

"நீ கேக்கல."

"கேக்காமலா இருப்பேன்? கழுதை கத்துற வரைக்கும் கேட்டேன்."

"அது முன்பாதி."

அவள் கதவைத் திறக்கவில்லை. போகவும் இல்லை.

"சரி, சொல்லுங்க. சொல்லிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

சொன்னேன்.

"செத்துப்போன அப்பன் முகம் கெட்டுடக் கூடாதுன்னு அந்தப் பையன் ஈரச் சாக்குல ஐஸைச் சுத்தி சைக்கிள்ல கொண்டுக்கிட்டு வர்றான்ல, வழியெல்லாம் சொட்டிக்கிட்டே வருதே, கடைசித் துண்டு கரையறதுக்குள்ள வெளியூர்ல இருந்து மக வந்து சேர்ந்துடுறாளே, அந்த இடத்துல நான் எந்திரிச்சு நின்னுட்டேன், பின்னாடி இருந்தவன் உக்காருய்யான்னு கத்தினான், நான் உக்காரல, படம் முடியற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் பார்த்தேன்."

நடுவில் மூச்சு விடவில்லை.

பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. மகள் நின்றாள். வயிறு இறங்கியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"படம் முடிஞ்சதும் வெளிய வந்துட்டீங்களாக்கும்?"

"ஆமா. லைட்டைப் போட்டாங்க. வாசல்ல மைக்கோட ஆளு நின்னான்."

"இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா உங்க பேரைப் பார்த்திருப்பீங்க. கோழிக்காரரோட சேர்த்துப் போட அவருக்கு மனசு வரலப்பா. கடைசியில தனியாப் போட்டார்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

சந்திரபோஸ் எனக்குத் தர வேண்டியது இன்னும் வரவில்லை. சாமி தர வேண்டியதும்.