தலைப்பாகையில் அளந்த காரை

மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஏரி மதகில் கீறல். அடைக்கச் சுண்ணாம்புக் காரை வேண்டும். ஆனால் புதிதாக வந்த அளவு அதிகாரி, அரண்மனை முத்திரை இல்லையென்று ஊரிலிருந்த மரக்கால், படி, கூடை எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்.

"முத்திரை இல்லாததில் அளந்தால் சிறை. அளக்காமல் குழைத்தாலும் சிறை," என்றார்.

சித்தாள் மாடத்தி கேட்டாள்: "முத்திரை இருந்தா எதுல வேணாலும் அளக்கலாமா சாமி?"

"தாராளமாக."

முத்திரை வில்லை பதித்த அவர் தலைப்பாகையை அப்படியே கழற்றி, சுண்ணாம்பு ஒன்று, மணல் இரண்டு என்று அளந்து கொட்டினாள். மழைக்கு முன்பே கீறல் அடைபட்டது.

அதிகாரி அலறினார். "அது எத்தனை படி பிடிக்குமென்று தெரியுமா உனக்கு?"

"தெரியாது சாமி. ஒண்ணுக்கு ரெண்டு, அவ்வளவுதான் கணக்கு. உங்க தலை பெருசோ சிறுசோ, காரைக்கு அதப் பத்திக் கவலை இல்ல."