தண்டோராவுக்கு ஒரு பெயர்

மடத்தில் சீடராகச் சேர்வதற்கு முன் மாசிலாமணி ஊர்க்காவல் பார்த்தவர். காவி கட்டிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்குமா? மடத்துக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையனை ஆற்றங்கரை வரை துரத்திப் பிடித்துவிட்டார்.

பிடித்ததோடு விட்டாரா? "திருடன், திருடன்" என்று கத்தியும் தொலைத்தார். ஊரே கூடிவிட்டது. பையனை ஊர் கூடும் மந்தைக் கம்பத்தில் கட்டி நாலு சாத்தும் சாத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டே விரட்டிவிட வேண்டும் என்று நாட்டாமை சொல்லிவிட்டார்.

விளக்குத் திரும்பி வந்தால் போதும் என்றுதான் மாசிலாமணி நினைத்திருந்தார். பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை, ஊரைவிட்டு எங்கே போவான்?

குருவிடம் ஓடினார். குரு அவரைவிட வயதில் சிறியவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, இந்த வயசுலேயே பிள்ளைங்க கெட்டுப் போகுதே, இதுக்கு யாரு காரணம்? பெத்தவங்களா, சேர்க்கையா, தலையெழுத்தா?"

குரு கீரையை ஓரமாக வைத்துவிட்டு மாசிலாமணியோடு மந்தைக்கு நடந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரை ஊரைவிட்டு விலக்கினாலும் 'இன்னார் மகன் இன்னார்' என்று தண்டோரா போட வேண்டும். போடாவிட்டால் விலக்கு செல்லாது. தண்டோரா போடும் இருளப்பன் குச்சியும் கையுமாகத் தயாராக நின்றார்.

"இவன் பேரு என்ன?" என்று குரு கேட்டார்.

"களவாணிப்பய" என்றார் ஒருவர்.

"அது நீங்க வச்சது. பெத்தவ வச்ச பேரு?"

கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

"அவன்கிட்ட கேட்டா பொய்தான் சொல்லுவான்" என்றார் நாட்டாமை.

"அப்ப ஊருக்குள்ள கேட்டுட்டு வாங்க, மாசிலாமணி. நாங்க இருக்கோம்" என்றார் குரு.

மாசிலாமணி வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"மழைன்னா எங்க தொழுவத்துலதான் கிடப்பான். பேரு கேட்டதில்லையே, சாமி" என்றாள் ஒருத்தி.

"கடைப் பக்கம் வந்தா, 'டேய், எட்டப் போ'ம்பேன். அதுக்குப் பேரு எதுக்கு?" என்றார் மளிகைக்காரர்.

"அவன் ஆத்தா செத்தப்ப, அவன் கையில கொள்ளிச்சட்டியக் குடுத்ததே நான்தான்" என்று ஆரம்பித்த ஒரு கிழவர், பேரைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

மாசிலாமணி வெறுங்கையோடு திரும்பி வந்தார். வேறு வழி தெரியாமல் பையன் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"தம்பி, உன் பேரு என்னய்யா?"

அடி வாங்கியபோதெல்லாம் கல்லு மாதிரி நின்ற பயல், இப்போது அழுதான்.

"பூவலிங்கம்."

"அப்பா பேரு?"

"தெரியாது. ஆத்தா பேரு மூக்கம்மா."

இருளப்பன் தண்டோராவைத் தட்டினார்.

"மூக்கம்மா மகன் பூவலிங்கம்..."

அதோடு நிறுத்திவிட்டார். குச்சியை இடுப்பில் செருகினார்.

"இதுக்கு மேல எனக்கு வரலைங்க. வேற யாராச்சும் சொல்லிக்கங்க."

ஒருவரும் முன்னால் வரவில்லை. நாட்டாமை தரையைப் பார்த்தபடி, "சரி, அவுத்து விடுங்க" என்றார்.

மாசிலாமணிக்கு அப்பாடா என்றிருந்தது. கயிற்றைச் சந்தோஷமாகவே அவிழ்த்தார்.

மூவரும் மடத்துக்குத் திரும்பினார்கள். பையன் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே?"

"வீடு வீடாப் போனீங்களே. அவன் பேரு தெரியும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லல, சாமி."

"நித்தம் நம்ம மடத்துலதானே கஞ்சி குடிச்சான். ஊத்தினது யாரு?"

"நான்தான், சாமி."

"சரி, சீக்கிரம் போய் இலையைப் போடுங்க" என்றார் குரு. "பூவலிங்கத்துக்குப் பசிக்கும்."