கண்ணாடிக்கு மூன்று மில்லி

பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டி, விளக்கும் வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. குளியலறைக்குள் யாரோ விரலைச் சொடுக்கியதுபோல. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். உள்ளே யாரும் இல்லை.

டெல்பின் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஷவரைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கணவன் கப்பலில். கண்ணாடி வெடித்துப் பிள்ளைமேல் கொட்டுவதுபோலவே அவளுக்கு விடியும்வரை தோன்றிக்கொண்டிருந்தது.

காலையில் பிலோமி வந்தாள். தூத்துக்குடியில் கண்ணாடி பொருத்துகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் குரு, வயது முப்பது. கூட வந்த சீடர் இசக்கியப்பனுக்கு ஐம்பத்தாறு. அதுவரை தச்சுவேலை பார்த்தவர். கேலியாகத்தான் அவளைக் ‘குருவே’ என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே பழகிவிட்டது. இந்தத் தடுப்பு அவர் தனியாகச் செய்த முதல் வேலை.

பிலோமி ஓரத்தில் பூசியிருந்த சிலிகான் பசையைக் கீறி எடுத்தாள். ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

இசக்கியப்பனுக்குப் பெருமை. மரவேலையில் மூட்டுக்குள் மயிரிழை போனால்கூட அவர் அப்பா உளிப்பிடியால் முட்டியில் தட்டுவாராம்.

“மூணு மில்லி இடைவெளி விடச் சொன்னேனே அண்ணாச்சி.”

“இடம் விட்டா அது எப்படி குருவே உறுதியா நிக்கும்?”

பிலோமி அவர் தோளைப் பிடித்தாள். குதிகாலும் முதுகும் ஒட்டும்படி அவரைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். அளவு டேப்பை அவர் கால்களுக்கு முன்னால் போட்டாள்.

“முட்டியை மடக்காம எடுங்க.”

குனிந்தார். குப்புற விழப் போனவரை அவளே பிடித்தாள். டெல்பினோடு நின்ற பையன் கைதட்டினான். விடாமல் இன்னொரு தடவை குனிந்தார். இன்னொரு தடவை பிடித்தாள்.

“இப்ப சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்னு எடுங்க.”

எடுத்துவிட்டார். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தார்.

“வெந்நீர் பட்டா இதுவும் விரிஞ்சு கொஞ்சம் அசையணுமோ?”

அவள் தலையாட்டினாள்.

கண்ணாடியைக் கழற்றினார்கள். அடியில் பிளாஸ்டிக் துண்டுகள் வைத்து, சுவர்ப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் விட்டு நிறுத்தி, அந்த இடத்தில் சிலிகான் பூசினார் இசக்கியப்பன். காய்ந்தால் ரப்பர்போல இழுபடும், தண்ணீரையும் விடாது.

ஒருநாள் காயவிட்டு மறுபடி வந்தார்கள். இசக்கியப்பன் டெல்பினுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். சுவரோரம் நின்று டேப்பையும் எடுத்துக் காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். நன்றாகப் புரிந்தது என்றாள். பிறகு, பிள்ளையைக் குளிப்பாட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

இசக்கியப்பன் முகம் வாடிவிட்டது.

“எல்லாம் சொல்லிட்டேன் குருவே. அந்தப் பொண்ணுக்குப் பயம் போகலையே. இன்னும் என்ன சொல்லணும்?”

பிலோமி பையிலிருந்து ஒரு துண்டும் சோப்பும் எடுத்து நீட்டினாள்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. போய்க் குளிங்க.”

அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அரைமணி நேரம் வெந்நீர் ஓடியது. டெல்பின் வாளியை நிரப்பாமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.

தலை சொட்டச் சொட்ட அவர் வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனைத் தூக்கிப் பிலோமியின் இடுப்பில் வைத்தாள். கொடியிலிருந்த தன் துண்டை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.