ஆறு தடம் மாறின வருஷம்

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரர் இருந்தாரு கண்ணு. பேரு சென்னப்பன். அவருக்கு ஒரே பொண்ணு, மாதேஸ்வரி. எல்லாரும் மாதுன்னு கூப்பிடுவாங்க. பதிமூணு வயசு. அம்மா இல்லாத புள்ள. கால உள்ள இழுத்துக்க, போர்வை நல்லா இருக்கட்டும்.

அந்த மாதுக்கு ஆறு அத்துப்படி. எந்தப் பாறை தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்கு, எந்த இடத்துல சுழி இழுக்கும், எங்க இறங்கினா முட்டிதான் நனையும், எல்லாம் தெரியும். அப்பா சும்மா உக்காந்திருந்தாப் போதும், இவளே துடுப்புப் போட்டு அக்கரைக்குக் கொண்டுபோயிருவா. சளக், சளக், சளக்குன்னு சத்தம் கேட்டாலே அக்கரையில ஆளுங்க மூட்டையத் தூக்கி இடுப்புல வச்சுக்குவாங்க.

ம்? கேக்குறியா? சரி.

அப்போ ஒரு வருஷம் மழை பிடிச்சுது. ஒன்பது நாள் விடல. ஆறு ஹோன்னு இரைஞ்சுக்கிட்டு வாசப்படி வரைக்கும் வந்துச்சு. கீழ இருந்த பாலத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பத்தாம் நாள் வெள்ளம் வடிஞ்சுது. மாது ஓடிப்போய்ப் பாத்தா, அது அவளுக்குத் தெரிஞ்ச ஆறே இல்ல. எருமை படுத்த மாதிரி ஒரு பாறை இருக்கும், அது மண்ணுக்குள்ள போயிருச்சு. நடுவுல இருந்த மணல்திட்டு கரைஞ்சு, அந்த இடத்துல கருகருன்னு தண்ணி ஓடுது. துணி துவைக்குற துறை தண்ணியே இல்லாம மேட்டுல நிக்குது.

அன்னைக்கே சென்னப்பன் பரிசல இறக்கினாரு. இருபது வருஷமாப் போன தடத்துலயே போனாரு. பாதி ஆத்துல, முன்ன பாறையே இல்லாத இடத்துல, டமார்னு ஒரு சத்தம். பரிசல் கவுந்துருச்சு. எப்படியோ ஒரு மரத்து வேரப் பிடிச்சுக் கரையேறினாரு, ஆனா தோள்பட்டை எலும்பு முறிஞ்சுபோச்சு. மாது கரையில நின்னு எல்லாத்தையும் பாத்துட்டா.

அப்புறம் அவ ஆத்துப் பக்கமே போகல. பரிசலுக்குத் தார் பூசி ஒட்டுப் போட்டாங்க, அதக் கூட எட்டிப் பாக்கல. ஆத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டே சோறு தின்னா. பள்ளிக்கூடம் அக்கரையில, அதுக்கும் போகல. அப்பாவுக்கே கைய அசைக்க முடியல, கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தாரு.

இப்படியே பதினஞ்சு நாள். அதுக்கு மேல அவளாலயே தாங்க முடியல. ஒரு நாள் காலையில யார்கிட்டயும் சொல்லாம பரிசல இறக்கினா. பழகின கை பழகின பக்கமே திரும்புச்சு. கொஞ்ச தூரந்தான். சர்ருன்னு மணல்ல ஏறி நின்னுக்கிச்சு. இறங்கித் தள்ளி, நனைஞ்சு திரும்பி வந்தா.

மறுநாள் வேற பக்கமாப் போனா. அங்க தண்ணி சும்மா கண்ணாடி மாதிரி கிடந்துச்சு, நம்பிட்டா. உள்ள போனதும் கிர்ர்ருன்னு பரிசல் சுத்துது. வானம் சுத்துது, கரை சுத்துது. துடுப்பு கைய விட்டுப் போயிருச்சு. ஒரு மைல் கீழ புதர்ல போய் மோதி நின்னுச்சு. பரிசல ஆமை ஓடு மாதிரி முதுகுல கவுத்துக்கிட்டு வீடு வர்ற வரைக்கும் அழுதா. உள்ள அழுதா யாருக்குத் தெரியும்?

அழுது முடிச்சதும் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. மணல் எங்க இருக்குன்னு இப்பத் தெரியும். சுழி எங்க இருக்குன்னும் தெரியும். முந்தாநாள் வரைக்கும் அது கூடத் தெரியாதே.

அப்புறம் வீட்டுல இருந்த வேற துடுப்பையும் மூங்கில் கழி ஒண்ணையும் எடுத்துக்கிட்டா. தண்ணிக்குள்ள டொக், டொக்குன்னு குத்திப் பாக்குறது, பாறையா மணலான்னு பாக்குறது, ஆழம் பாக்குறது. வழி இருக்குற இடத்துல ஒரு குச்சி நட்டு, பழைய பாவாடையக் கிழிச்சு ஒரு துண்டு கட்டுறது. ஒரு நாளைக்கு அஞ்சு குச்சி, ஆறு குச்சி. பாதி ஆறு வரைக்கும் வந்துட்டா. மிச்சப் பாதி இன்னும் பாக்கல.

அப்போ பாத்து, கண்ணு, பூவாயிக்கு வலி வந்துருச்சு. பூவாயி பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்கு இது தலைச்சன் பிள்ளை. மத்தியான நேரம். ஆஸ்பத்திரி அக்கரையில. பாலம் இல்ல, சுத்திப் போனா அரை நாளாகும். மாமியா ராக்கம்மா ஓடி வந்து வாசல்ல நின்னா. மாதுவோட கையப் பிடிச்சுக்கிட்டா, அவ்வளவுதான்.

மாது சொன்னா, "பாதிதான் பாத்திருக்கேன்."

ராக்கம்மா கைய விடல.

நாலு பேரும் ஏறினாங்க. பூவாயி நடுவுல, ராக்கம்மா அவளத் தாங்கிக்கிட்டு. ஒத்தக் கையோட சென்னப்பனும் ஏறிக்கிட்டாரு, புள்ளையத் தனியா விட மனசில்ல. மாது துடுப்பப் போட்டா. முதல் துணி தாண்டியாச்சு. ரெண்டாவது தாண்டியாச்சு. பூவாயி பல்லக் கடிச்சுக்கிட்டு விளிம்பப் பிடிச்சிருக்கா, தண்ணி தளும்பித் தளும்பி உள்ள வருது. கடைசித் துணியும் தாண்டியாச்சு.

இனிமே ஒண்ணுமே தெரியாது.

சென்னப்பனுக்குப் பதட்டம். "சோத்துக்கைப் பக்கம் போ"ன்னாரு. "பாறைய ஒட்டிப் போ." இருபது வருஷப் பழக்கம் வாயில வருது. மாதுவோட கையும் சோத்துக்கைப் பக்கம் திரும்பத்தான் பாத்துச்சு. ஆனா அங்க தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. அவ நிறுத்திட்டா.

"அது பழைய ஆறுப்பா."

சென்னப்பன் அவ மூஞ்சியப் பாத்தாரு. குனிஞ்சு, நல்ல கையால தண்ணிய இறைக்க ஆரம்பிச்சாரு.

ம். தூங்கலையே? இன்னும் கொஞ்சந்தான்.

அவ இடப்பக்கம் திருப்பினா. அங்கயும் ஒரு சுழி. கிர்ர்ருன்னு இழுத்துச்சு. பூவாயி கத்திட்டா. போன தடவை மாது சுழியோட மல்லுக்கு நின்னா, துடுப்பு போச்சு. இந்தத் தடவை மல்லுக்கு நிக்கல. ஒரு சுத்து சுத்த விட்டா. ரெண்டு சுத்து. மூணாவது சுத்துல அவ மூஞ்சி அக்கரைப் பக்கம் திரும்புச்சு பாரு, அப்போ மொத்த பலத்தையும் சேத்து ஒரே போடு. சளார்னு வெளிய வந்துருச்சு. அப்புறம் கழியால டொக், டொக். மணல். மணல். முட்டித் தண்ணி.

அக்கரையில நின்னவங்க ஓடி வந்து பூவாயியத் தூக்கிக்கிட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஆஸ்பத்திரியில பொண்ணு பிறந்துருச்சு. ரெண்டு உசுரும் நல்லா இருந்துச்சு. ராக்கம்மா வராந்தாவுல உக்காந்து அப்பத்தான் அழுதா.

மறுநாள் காலையில அப்பாவும் பொண்ணும் கரைக்கு வந்தாங்க. ஆறு அப்படியேதான் ஓடுது, கொஞ்சங்கூட மாதுக்காக மாறல. அவளுக்குப் பயமும் போகல. சென்னப்பன் பரிசல்ல ஏறி ஒரு ஓரமா உக்காந்தாரு. அவர் துடுப்புப் போடும்போது எப்பவும் அவ உக்காருவாளே, அந்த இடத்துல.

"எந்தப் பக்கமாப் போகணும் மாது?"ன்னு கேட்டாரு.

"சுழி இல்லாத வழி இன்னும் தெரியலப்பா. போய்ப் பாப்போம்."

சளக், சளக், சளக்.

கதை கரையேறிருச்சு கண்ணு. நீயும் கண்ண மூடு, தூங்கு.