பஞ்சு வைத்த ஹெட்செட்

ஹெட்செட் காதை வலிக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். நல்லசிவம் அதை அப்படியே நம்பிவிட்டார். நம்பியவர் என்ன பாடுபட்டார் என்பதுதான் மீதிக் கதை.

பாளையங்கோட்டையில் ஒரு நாடகக் குழு. அதில் ராஜா, தகப்பன், வில்லன் என்று ஐம்பது வயதுவரை நடித்தவர் அவர். பிறகு தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். மூன்றாவது வரிசைக்குக் கேட்காது.

கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பார்த்தார். முடியவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்து நாடகத்தை ஓட்டும் வேலையைக் கற்றுக்கொள்ள எஸ்தரிடம் வந்து சேர்ந்தார். எஸ்தர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் குழுவில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். நல்லசிவமும் அப்படியே கூப்பிட்டார்.

வேலை இதுதான். மேடை ஓரத்தில் ஒரு மேசை. அதில் உட்கார்ந்து ஹெட்செட்டில் பேச வேண்டும். ஹாலின் கடைசியில் லைட் போடும் இம்மானுவேல், அவருக்குப் பக்கத்தில் சவுண்டு பார்க்கும் கோமதி, மேடைக்கு மேலே பலகையில் நின்று கயிறு பிடிக்கும் சவரிமுத்து, மூன்று பேர் தலையிலும் ஹெட்செட் இருக்கும். மேசையிலிருந்து 'ரெடி' என்றால் கை வைத்துக் காத்திருப்பார்கள். 'விடு' என்றால் செய்வார்கள். சொல்லாமல் யாரும் எதையும் அசைக்கக் கூடாது.

பேசுவதற்கு மேசையில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், நாம் பேசுவது மூன்று பேர் காதிலும் விழும். பேசி முடித்ததும் மறுபடி அழுத்தி அணைக்க வேண்டும். எஸ்தர் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

புதன்கிழமை ஒத்திகையில்தான் வினை வந்தது. மேடை இருட்டானதும் மேலிருந்து ஒரு பெரிய மர ஜன்னல் இறங்கும். கீழே நிற்கும் நடிகை புஷ்பலதா அதற்குள் விலகிப் போய்விட வேண்டும். அன்றைக்கு அவர் சேலை ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டது. நல்லசிவம் பார்த்துவிட்டார். நிறுத்து, நிறுத்து என்று ஹெட்செட்டில் சொன்னார். சவரிமுத்து தலையில் ஹெட்செட் இல்லை. கழற்றிப் பலகையில் வைத்திருந்தான். பாட்டைக் கேட்டுக் குத்துமதிப்பாகக் கயிற்றை விட்டான்.

ஜன்னல் புஷ்பலதாவின் தோளை உரசிக்கொண்டு இறங்கியது. பெரிய அடி இல்லை. ஆனால் அவர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டர் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் இப்படி ஒன்று நடந்தால் மேசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். அந்த மேசையும் போய்விட்டால் நாடகத்தில் நல்லசிவத்துக்கு உட்கார இடம் கிடையாது.

சவரிமுத்துவைக் கூப்பிட்டு ஏன் கழற்றினாய் என்று கேட்டார்.

"காது வலிக்கு அண்ணாச்சி" என்றான் அவன்.

இம்மானுவேலும் கோமதியும் அதையேதான் சொன்னார்கள். சொல்லும்போது மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். நல்லசிவம் அதைக் கவனிக்கவில்லை. ஹெட்செட்டைத்தான் கவனித்தார். பழசு. காது வைக்கும் இடத்தில் பஞ்சு கிழிந்து, டேப் சுற்றியிருந்தது. பார்த்தாலே வலிக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் கடை கடையாக ஏறி இறங்கி மூன்று ஹெட்செட்டைச் சாம்பிளுக்கு வாங்கி வந்தார். ஒன்று ரெக்ஸின் வைத்தது. போட்டுக்கொண்ட சற்று நேரத்தில் காது வேர்த்தது. ஒன்று பிடி இறுக்கம். அவருடைய மூக்குக் கண்ணாடிக் காம்பை நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தியது. மூன்றாவது துணி வைத்தது. உள்ளே நல்ல பஞ்சு, கனமே இல்லை. ஒரு காதை மட்டும் மூடும், மற்ற காதில் மேடைச் சத்தம் கேட்கும்.

மூன்றையும் எஸ்தரின் முன்னால் பரப்பினார்.

"இதுல எது டீச்சர் வலிக்காது?"

எஸ்தர் ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்தார். துணி வைத்ததை அவர் கையில் கொடுத்தார்.

"இதப் போட்டுக்கிட்டு இம்மானுவேல் சேர்ல போய் உக்காருங்க. இன்னிக்கு லைட்டு நீங்க போடுங்க. மேசைய நான் பாத்துக்கிடுதேன்."

சவரிமுத்துவிடம் ஜன்னலை மேலேயே கட்டிப்போடச் சொன்னார். ஒத்திகை ஆரம்பித்தது.

நல்லசிவம் ஹாலின் கடைசியில் போய் உட்கார்ந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று காட்ட இம்மானுவேல் பக்கத்தில் நின்றார். ஹெட்செட் தலையில் இருப்பதே தெரியவில்லை. இதையே வாங்கிவிடலாம் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார்.

அப்போது காதில் மூச்சு கேட்டது. எஸ்தரின் மூச்சு, உள்ளே போவதும் வெளியே வருவதும். பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு ஒரு செருமல்.

பட்டனை அணைக்க மறந்துவிட்டார் போல என்று நல்லசிவம் நினைத்தார்.

மேடையில் புஷ்பலதா வசனத்தைத் தொடங்கினார். அதே வசனம் ஹெட்செட்டிலும் வந்தது, அரை வார்த்தை முந்தி, ஏற்ற இறக்கத்தோடு. அவர் அழுதால் எஸ்தரும் விசும்பினார். நடுநடுவே அபிப்பிராயம் வேறு. இங்கே இன்னும் கொஞ்சம் இழுக்கணும். அங்கே திரும்பியிருக்கக் கூடாது. இந்தப் பையனுக்கு உச்சரிப்பே போதாது.

நல்லசிவத்துக்கு எது மேடையில் வருவது, எது காதில் வருவது என்றே பிடிபடாமல் போனது. முதலில் ஹெட்செட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளினார். அப்படியும் கேட்டது. கழற்றி மடியில் வைத்தார். அப்பாடா என்று இருந்தது.

இம்மானுவேல் அவர் தோளைத் தொட்டார். மேடையில் எல்லாரும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். இருட்டாக வேண்டிய இடம், வெளிச்சம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. நல்லசிவம் பதறி ஹெட்செட்டை மாட்டினார்.

எஸ்தர் திட்டவில்லை. இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்.

"...நான் இந்தத் தகப்பன் வேஷம் கட்டும்போது, இந்த இடத்துல ஹாலே அழும்."

அந்த வேஷத்தை எஸ்தர் கட்டியதில்லை. எந்த வேஷமும் கட்டியதில்லை. கட்டியவர் நல்லசிவம். ஹால் அழுததும் உண்மை.

ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் மேசைக்கு வந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஸ்தர் அதை அவர் பார்க்கும்வரை காத்திருந்து அணைத்தார்.

"ஹெட்செட் எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"பஞ்சு மாதிரி இருக்கு."

"பொறவு ஏன் கழட்டுனீங்க?"

நல்லசிவம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இத்தனை நாளும் நான் இப்படித்தான் முணுமுணுத்துக்கிட்டிருந்தேனா? ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"உங்ககிட்ட வேற எப்படிச் சொல்லுவாங்க? காது வலிக்குன்னு சொன்னாங்கள்லா."

அந்தக் காலியான ஹாலில் நல்லசிவம் அடுத்துச் சொன்னது எஸ்தருக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

"வேற எங்கயும் என் குரல் எடுபட மாட்டேங்கு டீச்சர். இதுல பேசுனாத்தான் கேக்கு."

"கேக்கு" என்றார் எஸ்தர். "அதான் கழட்டி வச்சிருதாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவருக்கும் மனது தாங்கவில்லை. மேசையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாம்பிள்கள் கடைக்குத் திரும்பிப் போயின. ஞாயிற்றுக்கிழமைக்குப் பழசே போதும் என்று எஸ்தர் சொல்லிவிட்டார். டேப் சுற்றிய அந்தக் கிழிசலை நம்பி எப்படி உட்காருவது என்று நல்லசிவம் பயந்தார். ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

ஞாயிறு மதியம் ஹால் நிறைந்திருந்தது. நல்லசிவம் 'ரெடி' சொன்னார், 'விடு' சொன்னார், ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கை அணைத்தார். வசனம் தொண்டைவரை வந்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். பழைய வேஷத்தின் காட்சி வந்தபோது கண்ணில் நீர் முட்டியது. அதை யாரும் கேட்கவில்லை.

மேடை இருட்டாகும் இடம் வந்தது.

"ஜன்னல் ரெடி."

"ரெடி அண்ணாச்சி" என்று மேலிருந்து வந்தது.

இருட்டியது. பாட்டு ஆரம்பித்தது. புஷ்பலதா விலகப் போனவர் நின்றார். கையிலிருந்த பித்தளை விளக்கு நழுவி உருண்டுவிட்டது. ஜன்னல் இறங்கும் இடத்திலேயே குனிந்து தேடினார். பாட்டின் நடுவே ஜன்னல் இறங்க வேண்டிய அடி வந்தது, தாண்டியும் போனது.

"இரு" என்றார் நல்லசிவம்.

"இருக்கேன்" என்றான் சவரிமுத்து.

வேறு பேச்சு இல்லை. நான்கு பேர் காதிலும் நிசப்தம். இருட்டில் புஷ்பலதாவின் கை விளக்கைத் தொட்டது. எழுந்தார், விலகினார். நல்லசிவம் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார்.

"விடு."

ஜன்னல் காலி இடத்தில் மெல்ல வந்து நின்றது. வெளிச்சம் வந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். அவர்கள் தட்டியது ஜன்னலுக்கு.

நாடகம் முடிந்து எல்லாரும் ஹாலுக்குப் பின்னால் டீக்கடைக்குப் போனார்கள். டைரக்டர் நல்லசிவத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நல்லசிவத்துக்கு அதுவே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. டீயை வாங்கிக்கொண்டு எஸ்தரின் பக்கத்தில் வந்து நின்றார்.

எதிரே சவரிமுத்து வடையைக் கடித்தபடி கோமதியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். டேப் சுற்றிய ஹெட்செட் இன்னும் அவன் தலையில் இருந்தது. வயர் இடுப்புவரை தொங்கியது.

"டீச்சர், அங்க பாருங்க. கழட்டவே மறந்துட்டான். போய்ச் சொல்லிட்டு வாரேன்."

எஸ்தர் டீயை ஊதிக் குடித்தார்.

"சொல்லாதீங்க அண்ணாச்சி. சொன்னா வலிக்க ஆரம்பிச்சிரும்."